டிரவுட்டுக்குக் கட்டிய பூச்சி

ஊட்டி ஓடைகளில் வாழும் டிரவுட் மீனை நான் வீடியோவில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அதற்காகவே திண்டிவனத்தில் என் அறையில் உட்கார்ந்து, தூண்டில் முள்ளில் மயிலிறகு இழையும் மெல்லிய செம்புக் கம்பியும் சுற்றி, மீனை ஏமாற்றும் 'நிம்ஃப்' என்கிற போலி நீர்ப்பூச்சியைக் கட்டினேன். ஏழாவது முயற்சியில்தான் அது பூச்சி மாதிரி வந்தது. தண்ணீரில் மூழ்குகிறதா என்று பார்க்க மட்டுமே விக்கிரவாண்டிப் பக்கம் ஓர் ஏரியில் வீசினேன். வெடுக்கென்று ஒரு ஜிலேபி மீன் கவ்வி முள்ளில் மாட்டிக்கொண்டது; பூச்சி பிய்ந்துபோனது.

பக்கத்தில் மண்புழு கோத்துக்கொண்டிருந்த அக்கா சிரித்தார். "இன்னா தம்பி, புழுவே இல்லாம மீன் புடிச்சிட்டு மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு நிக்கிற?"

"ஊட்டி மீனுக்குன்னு கட்டினது அக்கா."

"அது இதுக்குத் தெரியுமா? நம்பி வந்து கடிச்சிருக்கு, பாவம்!"

மீனை அவர் வாளியில் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஊட்டிக்கு இன்னும் போகவில்லை, போவேன். ஆனால், என் பூச்சியை முதலில் நம்பிய மீனை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.