பன்னிரண்டு மணிச் சங்கும் தீவுக்காரியும்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் என்னைச் சாம்பியன் என்றுதான் கூப்பிடுவார்கள். பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். குழாயடி வரிசையில் நான் முந்தினால், "சாம்பியன் வந்துட்டா, வழி விடுங்கடி" என்பார்கள். பிந்தினால், "என்ன சாம்பியன், இன்னைக்கு வெங்கலமா?" என்பார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். குடத்தை ஓங்கித் தரையில் வைப்பேன். பிளாஸ்டிக் குடம், சத்தம்கூட ஒழுங்காக வராது.

இதற்கெல்லாம் காரணம் ஒரு ஓட்டக்காரி. கரீபியன் கடலில் ஏதோ ஒரு தீவில் பிறந்தவள். அவள் பெயரைச் சொல்லப் போனால் என் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால் வீட்டில் அவளைத் தீவுக்காரி என்றே சொல்லுவோம். நாங்களும் தீவில்தான் இருக்கிறோம் என்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. மலைமேல் ஹட்டனில் இருந்து பார்த்தால் கடலா தெரிகிறது?

பள்ளிக்கூடம் போகும் வயதில் அவளை முதன்முதலாக டிவியில் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் சவுக்கு மரம் மாதிரி நெட்டையாக நின்றார்கள். இவள் என் உயரம்தான் இருந்தாள். ஓட்டம் தொடங்கும் வரை அவள் பேச்சையே எடுக்காத ஆட்கள், முடிந்த பிறகு அவளைத் தவிர வேறு பேச்சே பேசவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். குள்ளச்சிகளுக்கும் ஒரு காலம் வரும் என்று அன்று முடிவு செய்தேன்.

அன்றிலிருந்து அவள் பிழைப்பும் என் பிழைப்பும் சேர்ந்தே ஓடின. அவள் உலகத்தை ஜெயித்தாள். நான் எங்கள் தோட்டத்து வருஷப் பிறப்பு விளையாட்டில் மாதர் நூறு மீட்டரை ஜெயித்தேன். அவளுக்குத் தங்கம், எனக்குப் பிளாஸ்டிக் பேசின். அவளுக்குத் தொடைத் தசை கிழிந்தது, எனக்கு அட்டை கடித்த கால் வீங்கியது. இருவரும் மீண்டு வந்தோம். மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்ததில், கல்யாணமாகிப் போகும்போது சாமான்களோடு மூன்று பேசினும் புகுந்த வீட்டுக்கு வந்தன.

பிறகு அவள் பிள்ளை பெற்றாள். கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த செய்திக்காரர்கள், இனி அவ்வளவுதான் என்றார்கள். அவள் கொஞ்ச காலம் கழித்து வந்து, ஜெயித்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றினாள். பிள்ளை எதையும் கவனிக்காமல் அவள் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

எனக்கும் பிள்ளை பிறந்தது. நான் வயிற்றோடு இருந்த வருஷம், வீட்டுக்காரரின் தங்கை, அதாவது என் நாத்தனார், நூறு மீட்டரை ஜெயித்து நாலாவது பேசினைக் கொண்டுவந்து என் மூன்றின் மேல் கவிழ்த்து வைத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் ஓடி ஜெயிக்கிறேன் என்று லயம் முழுக்கக் கேட்கும்படி மட்டும் சொன்னேன்.

"பிள்ள பெத்தவ ஓடுனா வயிறு எறங்கிப் போயிரும்" என்றார் மாமியார்.

"தீவுக்காரிக்கு எறங்குச்சா அத்த?"

"அவங்க ஊருல பத்தியம் ஒழுங்கா இருந்திருப்பா."

பேசின் எனக்குப் பெரிதில்லை. பிள்ளை பிறந்த பிறகு எல்லாரும் என்னைப் பிள்ளையின் தாய் என்று மட்டும் பார்த்தார்கள். நான் இன்னும் ஓட்டக்காரிதான் என்று ஒரே ஒரு தடவை காட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் எனக்கே அது மறந்து போகும் என்று பயமாக இருந்தது.

காலையில் தேயிலை மலையோரப் பாதையில் ஓடிப் பழகத் தொடங்கினேன். இரண்டாம் நாளே வம்பு வந்தது. தோட்டத்தில் காரணம் இல்லாமல் யாரும் ஓடுவதில்லை. குளவி கலைந்தால்தான் ஓடுவோம். நான் கையை வீசிக்கொண்டு வருவதை மேல்மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் பார்த்தார்கள். கூடையைப் போட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, முப்பது பேரும் இறங்கி ஓடிவந்தார்கள். பின்னால் அவர்கள் வருவதைப் பார்த்து, நிஜமாகவே குளவிதான் என்று நானும் வேகம் பிடித்தேன். ரோட்டுக்கு வந்து மூச்சு வாங்கிய பிறகுதான் யாரையும் எதுவும் கொட்டவில்லை என்று தெரிந்தது. கங்காணி என்னிடம், "ஓடுறதா இருந்தா முன்னாடியே சொல்லிட்டு ஓடும்மா" என்றார். ஆனால் ஒன்று, முப்பது பேரில் ஒருத்தியாலும் என்னைப் பிடிக்க முடியவில்லை.

சித்திரை வந்தது. விளையாட்டு, பள்ளிக்கூட மைதானத்தில். மாதர் ஓட்டம் பதினொரு மணிக்கு என்றார்கள். மண்முட்டி உடைத்து, கயிறு இழுத்து, தோட்டத்துத் துரை பேசி, துரை பேச்சுக்கு நன்றி சொல்லி முடிய நடுப்பகல் ஆகிவிட்டது. எட்டு மாதப் பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுத் தொடக்கக் கோட்டுக்குப் போனேன். ஆறு பேர் நின்றோம். மற்றவர்கள் சும்மா நிற்க, நான் தீவுக்காரி மாதிரி இரண்டு கையையும் தரையில் ஊன்றிக் குனிந்தேன். கூட்டத்தில் ஒருவர், "என்னத்தையோ தொலைச்சுட்டாங்க போல" என்றார்.

விளையாட்டு மாஸ்டர் "ரெடி" என்று சொல்லி விசிலை வாயில் வைத்தார். சரியாக அந்த நேரத்தில் ஃபாக்டரியில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது.

பன்னிரண்டு மணிச் சங்கு என்றால் காலைக் கொழுந்தை நிறுக்கும் நேரம். மடுவம் என்கிற நிறுவைக் கொட்டகையில், தராசு வரிசையில் கடைசியாக நிற்பவளுக்குச் சாப்பாட்டு நேரம் போய்விடும். அதனால் சங்குச் சத்தம் காதில் விழும் முன்பே கால் கிளம்பிவிடும். என் பக்கத்தில் நின்ற ஐந்து பேரும் திரும்பினார்கள். ஓட வேண்டிய பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கமாக, மடுவத்தைப் பார்த்துப் பறந்தார்கள். ஐந்து பேரும் ஒரு கையை நெற்றிக்குக் கொண்டுபோய், முதுகில் இல்லாத கூடையின் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். நாத்தனார்தான் முன்னால் போனாள். மடுவத்துப் பூட்டைத் தொட்ட பிறகுதான், இன்றைக்கு லீவு என்பது அவளுக்கு உறைத்திருக்கிறது.

நான் மட்டும் அசையவில்லை. பிள்ளை பிறந்ததில் இருந்து நான் மலைக்குப் போகவில்லை. சங்கு கேட்டதும் எனக்குத் தோன்றியது, பிள்ளைக்குச் சோறு மசிக்க வேண்டும் என்பதுதான். சிரிப்பில் மைதானமே உருண்டுகொண்டிருந்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சங்கு இப்போது என்னைக் கூப்பிடவில்லை.

மாஸ்டர் விதியில் கறாரானவர். விசிலுக்கு முன் ஓடிய ஐந்து பேரும் அவுட், மிஞ்சிய ஆள்தான் முதலாமிடம் என்றார். திரும்பி வந்த நாத்தனாருக்கு மூச்சும் கோபமும் சேர்ந்து வாங்கியது.

"சேர், இன்னைக்குச் சங்கு ஊதுனது யாருன்னு கேளுங்க. எங்க அண்ணன். பொஞ்சாதி ஜெயிக்கணும்னு பார்த்து ஊதியிருக்காரு."

ஃபாக்டரியில் அன்று சங்கு முறை என் வீட்டுக்காரருடையது என்பது உண்மை. அவரை அழைத்து வந்து விசாரித்தார்கள். "பன்னெண்டு மணிக்குப் பன்னெண்டு மணிச் சங்கு ஊதாம, வேற என்னத்தங்க ஊதுறது?" என்றார் பாவமாக. துரை கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் பேசின் எனக்குத்தான். ஆனால் எனக்கு எப்போது வாய் மூடியது?

"சேர், எல்லாருக்கும் திரும்ப வைங்க" என்றேன். "சும்மா நின்னு ஜெயிச்சவன்னு குழாயடியில பேச்சுக் கேக்க என்னால முடியாது."

திரும்ப வைத்தார்கள். மற்றவர்கள் ஏற்கெனவே மடுவம் வரை ஓடிக் களைத்திருந்தார்கள், எனக்கு அது எவ்வளவு பெரிய உதவி. அப்படியும் நாத்தனார் ஜெயித்தாள். நான் இரண்டாவது. இரண்டாமிடத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஜக் கொடுத்தார்கள். அதைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால் போய் வாய்விட்டு அழுதேன். தீவுக்காரியால் முடிந்தது என்னால் முடியவில்லை. அவ்வளவுதான், வேறு எப்படிச் சொன்னாலும் அது பொய்.

வைகாசியில் நாத்தனார் கல்யாணமாகி வட்டகொடைப் பக்கம் போனாள். புரட்டாசி பிறக்கும் நேரம் தீவுக்காரி கடைசியாக ஓடப் போகிறாள் என்று செய்தி வந்தது. ஆசியாவில் நடந்த போட்டி என்பதால் எங்களுக்கு அந்திப் பொழுதுதான். லயத்து அறையான என் காம்பராவில் மாமியார், மடியில் பிள்ளையோடு நான், ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார், எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம்.

தீவுக்காரி ஜெயிக்கவில்லை. முன்னால் நெட்டைப் பெண்கள் போய்விட்டார்கள். இவள் பின்னால் வந்து, நின்று, கூட்டத்துக்குக் கை காட்டிச் சிரித்தாள். நான் அழாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. இப்போது கேலி வரும் என்று காத்திருந்தேன். நாத்தனார் கேலி செய்யவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, எனக்கு மூணு மாசம்" என்றாள். "அடுத்த சித்திரைக்கு இங்க வந்து ஓட முடியாது."

மாமியார் சந்தோஷத்தில் சர்க்கரை டப்பாவைத் தேடி எழுந்தார். அவர் அடுப்படிக்குப் போகும் வரை நாத்தனார் பொறுத்திருந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"புள்ள பொறந்து எத்தன மாசத்துல நீங்க திரும்ப ஓட ஆரம்பிச்சீங்க? என்கிட்ட எல்லாரும் இனி ஓடவே கூடாதுங்கிறாங்க. பயமா இருக்கு அண்ணி."

மூன்று வருஷம் ஆகும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த மூன்று சித்திரையும் எனக்குத்தான். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"நாலு மாசம்" என்றேன். "அஞ்சாவது மாசமும் நீ படுத்துக் கெடந்தா, வட்டகொடைக்கே வந்து இழுத்துட்டு வருவேன்."