பியர் தெளியும் வரை

என் கணவருக்குச் சமையல் வராது. அதை அவர் சொல்லும் தோரணையைக் கேட்டால், பிறவியிலேயே ஏதோ குறை, மேற்கொண்டு பேசி மனிதரை நோகடிக்கக் கூடாது என்றுதான் யாருக்கும் தோன்றும். கல்யாணமாகி ஜெர்மனிக்கு, டார்ம்ஸ்டாட்டுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். கார்களுக்கு மென்பொருள் எழுதுகிறவர், எத்தனையோ சிக்கலான விஷயங்கள் தெரிந்தவர். எங்கள் மின் அடுப்பில் எந்தத் திருகு எந்த வட்டத்துக்கு என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை.

நான் பல் மருத்துவர். மதுரையில் படித்து அங்கேயே சில வருடம் வேலையும் பார்த்தவள். இங்கே தொழில் செய்ய வேண்டுமென்றால் மருத்துவர்களுக்கான ஜெர்மன் மொழித் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். நோயாளியாக நடிக்க ஒருவரை உட்கார வைப்பார்கள். அவரிடம் விசாரித்து, இன்னொரு மருத்துவருக்கு விளக்கி, அறிக்கையும் எழுத வேண்டும். முதல் முறை எழுதித் தோற்றேன். காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். சமைத்து, பாத்திரம் கழுவி, மறுநாளுக்கு மாவு அரைத்து வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் கலங்கும். இந்த முறை விடக் கூடாது என்று முடிவு செய்து அவரிடம் கேட்டேன்.

"ஏங்க, எக்ஸாம் முடியிற வரைக்கும் ராத்திரிச் சமையலை மட்டும் நீங்க பாத்துக்கங்க."

"எனக்குத்தான் சமையல் வராதேம்மா. வெளில ஆர்டர் பண்ணிக்கலாம்."

ஆர்டர் செய்தோம். பீட்ஸா, நூடுல்ஸ், மறுபடி பீட்ஸா. அதற்குள் அவர் வயிறு ரசம் கேட்க ஆரம்பித்துவிட்டது. நான் புத்தகத்தை மூடிவிட்டுப் புளி கரைக்கப் போனேன். தேர்வுக்கு மனுப் போடுவதும் தள்ளிப்போனது.

இந்த நிலையில்தான் கிறிஸ்துமஸுக்கு அவருடைய அலுவலகத்தில் பரிசு மாற்றிக்கொண்டார்கள். இவருக்கு வந்தது வீட்டிலேயே பியர் தயாரிக்கும் சாமான்கள் அடங்கிய பெட்டி. மூடி போட்ட பெரிய வாளி, குழாய், வெப்பமானி, மால்ட் என்கிற முளைகட்டிய பார்லி, கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ, நொதிக்கவைக்க ஒரு பொட்டலம் ஈஸ்ட். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விழித்துப் பார்க்கிறேன், சமையலறையில் விளக்கு எரிகிறது. சமையல் வராத மனிதர் கையில் உறை மாட்டிக்கொண்டு, நான் கனவில்கூடக் கண்டிராத சுத்தத்தில் மேடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கரண்டியைக்கூட மருந்து நீரில் முக்கி எடுத்தார். எந்தத் திருகு எந்த வட்டத்துக்கு என்பதும் தெரிந்திருந்தது.

நாள் முழுக்க நின்றார். மால்ட்டை இந்தச் சூட்டில் இவ்வளவு நேரம், அந்தச் சூட்டில் அவ்வளவு நேரம் என்று வைத்து, துழாவி, வடிகட்டி, கொதிக்கவைத்து, ஹாப்ஸ் போட்டு, மறுபடி கொதிக்கவைத்தார். பால் பொங்குவதைக்கூடப் பார்த்துக்கொள்ளத் தெரியாது என்று சொன்ன மனிதர்.

"சாதம் குழையாம வடிக்கத் தெரியாதுன்னீங்களே?" என்றேன்.

"அது வேறம்மா. சமையல்னா கை அளவு, கண் அளவு. அது எனக்கு வராது. இது ப்ராசஸ்."

வாசல் மணி அடித்தது. கீழ்வீட்டு ஜெர்மன்காரர். ஓய்வுபெற்ற மனிதர், தனியாக இருப்பவர். நான் கடுகு தாளித்தால் அவர் வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்படும். வெந்தயக்குழம்பு வைத்த நாளில் படிக்கட்டில் என்னைப் பார்த்து மூக்கைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். அன்றைக்கு மால்ட் வாசனை பிடித்து மேலே ஏறி வந்து, எங்கள் வாசலில் நின்று ஆழமாக மூச்சை இழுத்து, "அருமை!" என்றார். எனக்கு வந்த எரிச்சலில் அவருக்கு வெந்தயக்குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கலாமா என்றிருந்தது.

ஈஸ்ட் போட்டு மூடியாகிவிட்டது. மூடியில் தண்ணீர் நிரப்பிய சின்னக் குழாய் ஒன்று இருக்கும். உள்ளே நொதித்துக் கிளம்பும் காற்று அதன் வழியாகக் குமிழ் குமிழாக வெளியேற வேண்டும். மறுநாள் குமிழ் வரவில்லை. இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இத்தனை வருடமாக வீட்டில் ஒரு பொருளைப் பொங்கவைக்கிறவள் நான் ஒருத்திதான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குளிர்காலத்தில் இட்லி மாவுப் பாத்திரத்தைத் துண்டால் சுற்றி ஹீட்டர் பக்கத்தில் நான் வைப்பதை எப்போதோ போகிற போக்கில் பார்த்திருக்கிறார். அதே மாதிரி வாளியை ஹீட்டரோடு ஒட்டி வைத்து, என் அம்மா அனுப்பிய கம்பளியைப் போர்த்திவிட்டு ஆபீஸ் போய்விட்டார்.

மாவு சூட்டில் பொங்கும், சரி. பியர் ஈஸ்ட்டுக்கு அவ்வளவு சூடு ஆகாது என்று பெட்டியோடு வந்த தாளிலேயே போட்டிருந்தது. மத்தியானம் கூடத்தில் டமாரென்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் மூடி சோபாவில் கிடக்கிறது, பழுப்பு நுரை கூரையிலிருந்து சொட்டுகிறது, கம்பளி தொப்பலாகிவிட்டது. சுவரைத் துடைத்தது நான். சாயங்காலம் வந்து பார்த்தவர், "சூப்பர், நல்லா வொர்க் ஆகுது" என்றார்.

அந்தப் பியர் நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி நாறியது. இவருடைய நண்பர்கள் மூன்று பேர், எல்லாரும் நம் ஊர் இன்ஜினீயர்கள், வந்து ஆளுக்கு ஒரு தம்ளர் குடித்துவிட்டு "வித்தியாசமா இருக்கு மச்சான்" என்றார்கள். மறுநாள் மூவரும் தலைவலி என்று லீவு போட்டார்கள். மிச்சத்தைக் கழிப்பறையில் கொட்டினார். தப்பு ஈஸ்ட் மேல்தானாம்.

மே மாதம் இரண்டாவது முயற்சி. அதற்குள் நான் தேர்வுக்கு மனுப் போட்டுவிட்டேன், நாளும் குறித்துவிட்டார்கள். இந்த முறை வாளியைக் குளியல் தொட்டியில் குளிர்ந்த நீரில் நிறுத்தினார். நாங்கள் குளிப்பதற்கு நீச்சல்குளத்துக்குப் போய்வந்தோம். பியர் ஒழுங்காக நொதித்தது, நாற்றமும் இல்லை. ஆனால் பார்ப்பதற்கு அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. தெளிய வேண்டும். இணையத்தில் தேடியதில் இரண்டு வழி கிடைத்தது. ஜெலட்டின் போட்டால் கசடெல்லாம் ஒட்டிக்கொண்டு சீக்கிரமே அடியில் படிந்துவிடும். இல்லையென்றால் நல்ல குளிரில் வாரக்கணக்கில் அசையாமல் வைத்திருக்க வேண்டும்.

ஜெலட்டின் பன்றித் தோலிலிருந்து எடுப்பது என்று பொட்டலத்தில் எழுதியிருந்தது. எங்கள் வீடு சுத்த சைவம். நண்பர்கள் மூவரையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார். ஒருவர் வெள்ளிக்கிழமை குடிக்காதவர். ஒருவர் புரட்டாசி முழுக்கக் குடிக்காதவர். மூன்றாமவர் எல்லா நாளும் குடிப்பார், ஊரிலிருந்து அம்மா வீடியோ காலில் வரும்போது மட்டும் தம்ளர் மேஜைக்கு அடியில் போய்விடும். இப்படிப்பட்ட ஆசாரசீலர்கள் கூடி விவாதித்தார்கள்.

"ஜெலட்டின் அடிலதானே மச்சான் தங்குது? மேல இருக்கிறது பியூர் வெஜ்."

"அதெப்படி? கறிக்குழம்புல கறியை எடுத்துட்டா சைவமாயிடுமா?"

"பாவம்டா. சாமி குத்தம் ஆயிடும்."

குடிப்பதில் சாமிக்கு ஆட்சேபணை ஏதும் இருக்கக்கூடும் என்று அந்த நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முடிவுக்கு வராமல் கீழ்வீட்டுக்காரரை மத்தியஸ்தத்துக்கு அழைத்தார்கள். அவர் பொட்டலத்தை இரண்டு விரலால் பிடித்துத் தள்ளி வைத்தார். "தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட். ஐந்தாவதாக ஒன்று சேர்ந்தால் அது பியர் இல்லை" என்று இந்த நாட்டின் பழைய பியர் சட்டத்தை ஒப்பித்தார். கோடை வந்தால் எலுமிச்சைச் சோடா கலந்த பியரைப் பெட்டி பெட்டியாகத் தூக்கி வருகிறவர்தான். பன்றியை வாரத்தில் பாதி நாள் தின்கிறவரும்கூட. ஆனாலும் தூய்மை விஷயத்தில் அவரும் நம் ஆட்களும் அன்று ஒரே கட்சியானார்கள். நானும் அந்தக் கட்சியில் சேர்ந்தேன். எனக்கு என்ன நஷ்டம் வரப்போகிறது என்று அப்போது தெரியாது.

மறுநாள் ஃபிரிட்ஜின் தட்டுகளையெல்லாம் கழற்றிவிட்டு வாளியை உள்ளே வைத்திருந்தார். இடுப்பளவு உயரமுள்ள ஃபிரிட்ஜ் அது. வாளி போனபிறகு கதவில் நான்கு எலுமிச்சம்பழம் வைக்கத்தான் இடம் இருந்தது. என் மாவு, தயிர், துருவி வைத்த தேங்காய், இரண்டு நாளைக்கென்று வைத்த சாம்பார் எல்லாம் மேடையில் வியர்த்துக்கொண்டு நின்றன. வெளியே வெயில் கொளுத்தியது. ஒருநாள் சமைத்து இரண்டு நாள் ஓட்டித்தான் நான் படிக்க நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்கும் வேட்டு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"வாளியை வெளில எடுங்க. இல்லேன்னா தினமும் புதுசா நீங்க சமைங்க. ரெண்டுல ஒண்ணு."

"நடுவுல எடுத்தா கலங்கிடும்மா. இத்தனை நாள் வேலையும் வேஸ்ட்."

"அப்ப சமைங்க."

வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்றைக்குச் சாயங்காலம் வெப்பமானியோடு பருப்பு வேகவைத்தார். முதல் நாள் சாம்பாரில் உப்பு இல்லை. அடுத்த நாள் உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. நான் குறை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். இரண்டு வாரத்தில் ரசம் வந்தது, வத்தக்குழம்பு வந்தது. ஒருநாள் பீன்ஸ் பொரியலைத் தின்றுவிட்டு, உண்மையைச் சொல்கிறேன், இன்னொரு கரண்டி கேட்டேன். எனக்கு வந்த சந்தோஷத்தைவிடப் பெரிதாக வந்தது கோபம். இத்தனை வருடம் இந்தக் கையை எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று கேட்கத் தோன்றியது.

தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் வாளிக் குழாயிலிருந்து அரைத் தம்ளர் பிடித்து என்னிடம் நீட்டுவார்.

"நீயே பாரு. சொத்தைப் பல்லைக் கண்டுபிடிக்கிற கண்ணு."

ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். தேர்வுக்கு இன்னும் பல நாள் இருக்கும்போதே பியர் தெளிந்துவிட்டது. தம்ளருக்கு அந்தப் பக்கம் தேவாலயக் கடிகாரத்தின் முள்கூடத் தெரிந்தது.

"கலங்கலாத்தான் இருக்கு" என்றேன். "இன்னும் கொஞ்ச நாள் விடுங்க."

"எனக்கு க்ளியரா இருக்கிற மாதிரி தெரியுதே?"

"ஓரத்துல பாருங்க, மங்கலா இருக்கு. அவசரப்பட்டா முன்ன மாதிரி ஆயிடும்."

முந்தைய தோல்வியைச் சொன்னதும் அடங்கிவிடுவார். தம்ளரை வாங்கி ஓரத்தில் பார்த்து, இல்லாத மங்கலைக் கண்டு தலையாட்டிவிட்டுக் கத்தரிக்காய் நறுக்கப் போவார். தேர்வு நாள் வரைக்கும் அந்தப் பியரை நான் தெளியவிடவில்லை. இதற்காக எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை.

தேர்வு முடிந்த அன்று வீட்டுக்கு வந்து, தம்ளரைத் தூக்கிப் பார்த்து, தெளிந்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னேன். சர்க்கரை சேர்த்துப் புட்டியில் அடைத்து, கொஞ்ச நாள் வெளியே வைத்து, பிறகு ஃபிரிட்ஜ் முழுக்கப் புட்டிகளை அடுக்கினார். ஆக, சமையல் அவரிடமே இருந்தது. தேறிவிட்டேன் என்று கடிதமும் வந்தது. ஊரிலேயே ஒரு கிளினிக்கில் வேலையும் கிடைத்தது. இரண்டையும் கொண்டாட நண்பர்களையும் கீழ்வீட்டுக்காரரையும் ஒரு சனிக்கிழமை அழைத்தோம். வந்தவர்கள் என் தேர்வுக்கு ஒரு "கங்கிராட்ஸ் சிஸ்டர்" சொல்லிவிட்டு, பியரின் நிறத்துக்குக் கால் மணி நேரம் கை தட்டினார்கள். மால்ட் எந்தச் சூட்டில், ஈஸ்ட் எந்த வகை என்று இவர் பாடம் நடத்தினார்.

பிறகு சாப்பாடு. காலையிலிருந்து அவர்தான் சமைத்திருந்தார்.

"சிஸ்டர், சாம்பார் அட்டகாசம்!" என்றார் வெள்ளிக்கிழமை குடிக்காதவர்.

"அவ கைப்பக்குவம் அப்படி மச்சான்" என்றார் என் கணவர், என் முகத்தைப் பார்க்காமல்.

பியர் போட்டேன் என்று மார்தட்டுகிற வாய் சாம்பார் வைத்தேன் என்று சொல்லக் கூசியது. எனக்குச் சுருக்கென்றது. "நான் இல்லைங்க, அவர்தான் வெச்சார்" என்றேன். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிஸ்டருக்கு நல்ல ஹ்யூமர் சென்ஸ் என்றார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது இவர்.

தமிழ் புரியாத கீழ்வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கிண்ணத்தைக் காட்டி, இந்த சூப்பைச் செய்தது யார் என்று ஜெர்மனில் கேட்டார்.

"நான்தான்" என்றார் என் கணவர், ஜெர்மனில், ஒரு நொடிகூடத் தயங்காமல். பருப்பை எவ்வளவு நேரம் வேகவைப்பது, புளித்தண்ணீரை எப்போது ஊற்றுவது, கடுகு எந்தச் சூட்டில் வெடிக்கும் என்று பியருக்குச் சொன்ன அதே பெருமையோடு விளக்கினார். கிழவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். நண்பர்கள் மூவரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். ஆபீஸ் முழுக்க ஜெர்மனில் பேசுகிறவர்கள், ஒரு சொல் விடாமல் புரிந்திருக்கும். சாம்பாரைப் பார்ப்பதும் இவரைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். பிறகு யாரும் சாம்பாரைப் பற்றிப் பேசவில்லை.

எல்லாரும் போனபிறகு இவர் ஃபிரிட்ஜைத் திறந்து கடைசிப் புட்டியை எடுத்தார். கழற்றி வைத்த தட்டுகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக மாட்டினார்.

"அப்பாடா, ஃபிரிட்ஜ் காலி. உன் எக்ஸாமும் முடிஞ்சுது, இனிமே ஃப்ரீதானே? நாளைக்கு என்னம்மா சமையல்?"

திங்கட்கிழமை நான் வேலையில் சேர வேண்டும். அது அவருக்கும் தெரியும். தமிழில் பதில் சொன்னால் "எனக்குத்தான் வராதேம்மா"வில் போய் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். பல்லைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்று நோயாளிக்குப் பணிவாகச் சொல்வதற்குத் தேர்வுக்காகப் பழகிய அதே குரலில், ஜெர்மனில் சொன்னேன்:

"நாளைக்கும் நீங்கள்தான் சமைக்கிறீர்கள். அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள்."

ஆபீஸ் பழக்கம் போலிருக்கிறது, அவரும் நிமிர்ந்து நின்று ஜெர்மனிலேயே கேட்டார்:

"சரி. எத்தனை மணிக்கு?"

அன்றிலிருந்து சமையலைப் பற்றி நாங்கள் தமிழில் பேசுவதில்லை.