நெஞ்சில் ஒரு ரிசார்ட்டின் பெயர்

1. காலையில் பெரும்பாறையின் பழைய ஃபுட்பால் வீரர் அந்தோணி மாமா இறந்துபோனார்.
2. மதியம் ரசிகர்கள் மாலையோடு வந்தார்கள்.
3. அவர் உடலுக்குப் புது ஜெர்சி மாட்டி, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஜெர்சியின் நெஞ்சில் ஒரு ரிசார்ட்டின் பெயர்.

புது நைலான் நாற்றம் வீடு முழுக்க அடித்தது. அந்த ரிசார்ட் நிற்கும் இடம்தான் முன்பு எங்கள் மைதானம். என் சிறுவயதில் அங்கே நனைந்த தோல்பந்தும் பக்கத்துக் காப்பி உலர்த்தும் களத்தின் பழத்தோலும் கலந்து மணக்கும். பனி இறங்கினால் பந்தே தெரியாது, உதைக்கிற சத்தத்தை வைத்தே, சரிவில் ஆரஞ்சு உரித்தபடி உட்கார்ந்திருக்கும் பெண்கள் “அடிச்சது அந்தோணிதான்” என்பார்கள், பனிக்குள்ளிருந்து மாமா “ஆமாங்க, நானேதான்” என்று சிரிப்பார்.

“ஜெர்சியோடயே அடக்கம் பண்ணிருவோம் அக்கா. ஸ்பான்சர் குடுத்தது” என்றார் ரசிகர் மன்றத் தலைவர்.

மாமாவின் மனைவி ஸ்டெல்லா அத்தை நிமிர்ந்தார். “அப்ப ஸ்பான்சரையும் கூட வச்சுப் பொதைச்சிருவோமா? கிரவுண்ட வித்தப்ப இந்த மனுசன் கேட்டுல ஒத்தையா ஒக்காந்து கெடந்தாரு. அன்னைக்கு எங்கலே போனீங்க? வெரசாக் கழட்டுங்க.”

கழற்றினார்கள். மாமாவை அவருடைய வெள்ளைச் சட்டையில் அடக்கம் செய்தோம். அவர் பெயரில் போட்டி நடத்தப்போவதாக மன்றம் அறிவித்திருக்கிறது. பெரும்பாறையில் ஆடுவதற்கு இடம் இல்லை.