எம்.பி.ஏ. விற்கிறவனுக்கு ஞாயிறு லீவு இல்லை

எம்.பி.ஏ. வகுப்புக்கு ஆள் சேர்க்கிற தொழிலுக்கு முதல் தகுதி, எம்.பி.ஏ. இல்லாமலே அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசத் தெரிந்திருப்பது. கண்டி நகரில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் தனியார் கல்லூரியில் நான் மாணவர் ஆலோசகர். பெயர்தான் ஆலோசகர், வேலை ஆள் பிடிப்பது. நீங்கள் மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது போன் அடித்து, உங்கள் எதிர்காலத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசலாமா என்று கேட்கிறவன் நான்தான். தங்களுக்குக் கிடைக்காததை அடுத்தவருக்கு விற்றுப் பிழைப்பவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் கிளை முகாமையாளர் கனடா விசாவுக்குக் காத்திருந்தார். அவருடைய கதிரைக்கு நான் ஆசைப்பட்டேன். கிளையை நடத்துவதே நான் என்பதால் அது பேராசை என்றும் தோன்றவில்லை. ஆனால் அந்தக் கதிரையில் உட்கார எம்.பி.ஏ. வேண்டுமாம். வகுப்பு நடப்பது ஞாயிற்றுக்கிழமை. வேலைக்குப் போகிறவர்கள் விசாரிக்க வருவதும் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு மட்டும் லீவு தாருங்கள், நானும் படிக்கிறேன் என்று கேட்டேன். முகாமையாளர் என்னைப் பரிதாபத்தோடு பார்த்தார்.

“நீங்க வகுப்புக்குள்ள போய் உக்காந்துட்டா, வெளிய வர்றவங்கள யாரு உள்ள அனுப்புறது?”

ரகசியமாக வந்தவர்கள்

பல்லேகலயில் உள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலையிலிருந்து உதவி முகாமையாளர் ஒருவர் வந்தார். மேலே ஒரு பதவி காலியாகப் போகிறது, எம்.பி.ஏ. இருந்தால் தனக்குத்தான் கிடைக்கும், தான் சேர்ந்த விஷயம் வெளியே தெரியக் கூடாது என்றார். சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டேன். அடுத்த வாரம் அதே தொழிற்சாலையிலிருந்து இன்னொருவர் வந்தார். அதே பதவி, அதே ரகசியம். பிறகு மூன்றாமவர், நான்காமவர். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே, நால்வரையும் சேர்த்துக்கொண்டேன்.

முதல் ஞாயிறு நால்வரும் ஒரே வகுப்பில் சந்தித்தார்கள். உடம்புக்கு முடியவில்லை என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு வந்தவர் அவர்களில் ஒருவர். தேநீர் இடைவேளையில் முதலாமவர் நேராக என் மேசைக்கு வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் களைத்துப்போய் எதிரே உட்கார்ந்தார்.

“இனி எவனாவது பி.எச்.டி. முடிச்சாத்தான் இதுக்கு ஒரு முடிவு வரும் போல.”

கல்யாணக் கார்டு

தெல்தெனியவில் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா மகனை இழுத்துக்கொண்டு வந்தார். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் எம்.பி.ஏ. முடித்தவள். கார்டில் பெண்ணின் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் வரிசையாக நிற்க, மாப்பிள்ளை பெயர் மொட்டையாக நிற்பதா? கார்டு அச்சுக்குப் போவதற்குள் மகனைச் சேர்த்துவிட வேண்டும் என்றார். படித்து முடிக்காமல் பட்டத்தைப் போட முடியாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். படிக்கிறார் என்று சின்ன எழுத்தில் போட்டுக்கொள்கிறோம் என்றார். மகன் சுவரில் இருந்த பட்டமளிப்புப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வகுப்புக்கு ஒழுங்காக வருவாரா என்று கேட்டேன்.

“மொதல்ல கல்யாணம் முடியட்டும் தம்பி. படிப்ப பத்தி அவன் பொண்டாட்டி முடிவு பண்ணிக்குவா.”

யானை வந்த ஞாயிறு

தலதா மாளிகையின் யானை ஊர்வலத் திருவிழாவான பெரஹரா ஒவ்வொரு வருடமும் வருகிறது. ஒவ்வொரு வருடமும் எங்கள் கொழும்புத் தலைமைக் காரியாலயம் அதை மறந்துவிட்டுக் கால அட்டவணை போடுகிறது. இந்த முறை அந்த ஞாயிறு பின்னேரம் விழுந்த பாடம் மூலோபாயத் திட்டமிடல். வீதிகளை மூடிவிட்டார்கள். மாணவர் ஒருவரும் வரவில்லை. பாடம் எடுக்க வேண்டிய யாழ்ப்பாணத்து விரிவுரையாளர் மட்டும், பேராதனைப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி, வியர்க்க வியர்க்க நடந்தே வந்து சேர்ந்தார்.

நடந்து வந்தது வீணாகக் கூடாது என்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். விசாரிக்கவும் ஆள் இல்லாத நாள் என்பதால் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் நான் கேட்ட ஒரே எம்.பி.ஏ. வகுப்பு அதுதான். சொன்னால் சிரிப்பீர்கள், முடிந்தபோது எனக்கு எழுந்து வர மனமில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தம்பி, இஞ்ச பேருக்கு வாற ஆக்களைவிட உமக்குத்தான் இது கூடத் தேவை. நீர் ஏன் இன்னும் சேரேல்லை?”

மடுல்கெல்லப் பெண்

இது அந்தப் பெரஹராவுக்கும் இரண்டு வருடம் முன்னால் நடந்தது. தர்ஷினி மடுல்கெல்லத் தோட்டத்துப் பெண். பட்டதாரி, கண்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கிளார்க். மூன்று ஞாயிறு வந்து வந்து திரும்பிப் போனாள். வீட்டில் எல்லோரும் இன்னும் எதற்குப் படிப்பு என்கிறார்களாம். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். எதிர்காலம், தன்னம்பிக்கை, தலைமைத்துவம், ஒன்றையும் விடவில்லை. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதெல்லாம் இருக்கட்டும், நீங்களாக இருந்தால் படிப்பீர்களா என்றாள். இந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் பயிற்சியில் இல்லை. அதனால் உண்மையைச் சொன்னேன். நாளைக்கே லீவு கிடைத்தால் நாளைக்கே சேருவேன் என்றேன். அவள் கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

“அப்ப என் பேர எழுதிக்கங்க அண்ணா.”

கண்ணாடிக் கதவு

முகாமையாளருக்கு விசா வந்தது. அவர் இடத்துக்குப் புது ஆளைக் கொழும்புக் காரியாலயத்தில் தெரிவு செய்துவிட்டதாகச் சொன்னார்கள். மேசையைத் துடைத்து, கதிரையைச் சரிசெய்து வைத்தேன். திங்கட்கிழமை படியேறி வந்தது தர்ஷினி. எம்.பி.ஏ. முடித்திருந்தாள். விண்ணப்பித்திருந்தாள், தெரிவாகிவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் பொய்யில்லை.

ஒரு வாரம் பொறுத்து, என் மேசைக்குப் பின்னால் இருக்கும் அவளுடைய அறையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். தோட்டத்துப் பிள்ளை, கஷ்டம் தெரியும், மறுக்கமாட்டாள் என்ற தைரியத்தில் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டேன். எழுந்து நின்று என்னை உட்காரச் சொன்னாள். தேநீர் வரவழைத்தாள். சொல்ல அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

“நீங்க சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் நானே சேந்தேன் அண்ணா. அப்படிப் பேசுற ஆளுக்கு ஞாயித்துக்கெழம எப்படி லீவு குடுக்கிறது?”

எம்.பி.ஏ. படித்தால் உண்மையிலேயே பலன் உண்டா என்று இப்போது யாராவது கேட்டால், பழைய ஒப்பித்தல் ஒன்றும் இல்லாமல், எனக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடிக் கதவைக் கையால் காட்டிவிட்டுப் பேனாவைத் திறக்கிறேன்.