எட்டு வீட்டுச் சத்தம்

கோட்டாற்றில் அந்த லைன் வீடுகளுக்கு எட்டுக் கதவுகள், ஒரே கூரை. ராஜா காலத்தில் உப்பு சுமக்க வந்தவர்களுக்காகக் கட்டியது என்பார்கள். இடைச்சுவர்கள் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே இருக்கும் இடம் எல்லோருக்கும் பொது. முதல் வீட்டில் மிளகாய் வறுத்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள்.

நடுவில் ஒரு வீடு முருகதாஸுக்கு. ஐம்பதைத் தாண்டிய ஒண்டிக்கட்டை. வடசேரியில் ஒரு பாத்திரக்கடை குடோனில் இரவுக் காவல். ஊர் எழும்பும் நேரத்தில் வந்து படுப்பார். படுத்ததும் கூரைக்கடியில் மிதந்து வரும் சத்தங்கள் ஒவ்வொன்றாக அவர் கனவுக்குள் இறங்கும். பக்கத்து வீட்டு சுனிதாவின் தையல் மிஷின் ரயிலாகி, அவர் போகாத ஊர்களுக்கு எல்லாம் அவரைக் கொண்டுபோகும். குழாயடியில் குடம் நிறைந்தால் பேச்சிப்பாறை அணையில் மதகு திறக்கும். அந்த வெள்ளத்தின் மேல் கால் நனையாமல் நடப்பார். மீன் விற்றுவிட்டு வரும் வியாகுலம்மாள் யாரையாவது ஏசத் தொடங்கினால் கனவில் மழை பெய்யும். உறக்கம் இன்னும் கனக்கும்.

எதனால் உறங்குகிறோம் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

போன மாதம் காய்ச்சலோடு வேலைக்குப் போனவர் குடோன் வாசலில் கண்ணயர்ந்துவிட்டார். முதலாளி பார்த்துவிட்டார். "இன்னொரு மட்டம் ஒறங்கினா வேலைக்கு வரண்டாம், கேட்டீரா?"

செய்தி அவருக்கு முன்பே லைனுக்கு வந்து சேர்ந்தது. வியாகுலம்மாள் குழாயடியில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"பாவம், நம்ம சத்தத்துலயும் பெகளத்துலயும் அண்ணன் எப்பிடி ஒறங்கும்? நாளையிலேருந்து ஒருத்தரும் வாயத் தொறக்கப்பிடாது."

"மொதல்ல ஒங்க வாய மூடுங்கோ அக்கா" என்றாள் சுனிதா.

"ஏட்டி, நான் பேசினா பாட்டு மாதிரியாக்கும்."

மறுநாள் சுனிதாவின் மிஷின் அவள் தங்கச்சி வீட்டுக்குப் போனது. குழாய் வாயில் துணியைக் கட்டித் தண்ணீர் பிடித்தார்கள். விசில் வரும் முன்பே குக்கரை இறக்கினார்கள். பிள்ளைகளைக் கோயில் மைதானத்துக்கு விரட்டினார்கள். வியாகுலம்மாள் கை ஜாடையில் ஏசினாள்.

முருகதாஸ் படுத்தார். கூரைக்கடியில் ஒன்றுமே இல்லை. ஓட்டு இடுக்கில் விழுந்த வெயில் சுவரில் ஊர்வதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். ரயில் வரவில்லை. அடுத்த நாளும் அப்படியே. குடோனில் நின்ற நிலையிலேயே கால் மடங்கியது. முகத்தில் தண்ணீர் அடித்துச் சமாளித்தார். இன்னும் ஒரு இரவு இப்படிப் போனால் வேலையும் போகும் என்று தெரிந்தது.

அதற்கடுத்த நாள் வெயில் ஏறியதும் கதவைத் திறந்தார். முற்றத்தில் சுனிதா நுனிக்காலில் நடந்துகொண்டிருந்தாள். வியாகுலம்மாள் காலி மீன்சட்டியைப் பூப்போலத் தரையில் வைத்தாள். அதைப் பார்த்ததும் படி இறங்காமல் நின்றார். இவ்வளவு அன்பை எப்படி வேண்டாம் என்பது?

"என்ன அண்ணே, எழுப்பிட்டமா?" வியாகுலம்மாள் கிசுகிசுத்தாள்.

"இல்ல வியாகுலம்… கொஞ்சம் சத்தம் போடணும்."

"என்னது?"

"நீ ஏசாம எனக்கு ஒறக்கம் வரமாட்டேங்கு."

சுனிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வியாகுலம்மாள் சிரிக்கவில்லை.

"ரெண்டு நாளா வேகாத பருப்பத் தின்னு வயிறு கெட்டுக் கெடக்கேன். இப்பதான் சொல்லுகியளா?"

முருகதாஸ் படியில் உட்கார்ந்து தலை குனிந்துகொண்டார்.

"சரி, ஏசுங்கோ அக்கா" என்றாள் சுனிதா.

"யார ஏச? சும்மா ஏச வருமாட்டி?"

கேட்டு வாங்கக்கூடிய சத்தம் இல்லை அது. கொடிக்கயிற்றில் ஒரு சேலை மட்டும் காற்றில் உப்பி, மறுபடி வற்றியது.

"எல்லாம் ஒங்க யோசனைதானே" என்று சுனிதா முணுமுணுத்தாள்.

"என் யோசனையா? மிஷினத் தூக்கிட்டுப் போனது நானாக்கும்?"

"நீங்கதானே சத்தம் கேக்கப்பிடாதுன்னிய!"

"தைக்காதேன்னா தூக்குன்னு அர்த்தமாட்டி? தங்கச்சி வீட்டுல போயிக் கத பேச ஒனக்கு ஒரு சாக்கு!"

"என் தங்கச்சிய இழுக்காண்டாம், சொல்லிட்டேன்!"

"இழுத்தா என்ன செய்வ?"

பிடித்துக்கொண்டது. அடுத்த வீட்டுக் கதவுகள் திறந்தன. பூனை ஓட்டின் மேல் ஏறி ஓடியது.

"அண்ணே, நீங்களே சொல்லுங்கோ!" வியாகுலம்மாள் நியாயம் கேட்கத் திரும்பினாள்.

முருகதாஸ் கதவு நிலையில் தலை சாய்த்து, வாய் பிளந்து உறங்கிக்கொண்டிருந்தார்.

அவள் குரல் தன்னாலே தாழ்ந்தது. சுனிதா பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"நிறுத்தாண்டாம்க்கா."

"நீ சொல்லி நான் நிறுத்துவேனாட்டி?" என்று குரலை மறுபடி ஏற்றி, வியாகுலம்மாள் முந்தானையை இறுக்கிச் செருகினாள்.