ஐஸ் வைக்காத மீன்

முடிச்சூரில் ஏ.சி. இல்லாத வீட்டிலும் லோகுவின் நம்பர் இருக்கும். அம்மாவை அங்கே தனியாக விட்டுவிட்டு டொராண்டோவில் உட்கார்ந்திருக்கும் என் போனிலும் இருக்கிறது. ரிப்பேருக்காக மட்டும் அல்ல. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும்வரை இறந்தவர்களை வைத்திருக்கும் ஐஸ் பெட்டியும் அவரிடம்தான் வாடகைக்குக் கிடைக்கும்.

லோகு கோவளத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. அப்பா சீக்கிரமே போய்விட, அம்மா அஞ்சம்மாள் கூடை சுமந்து மீன் விற்று மகனை ஐ.டி.ஐ.யிலும் மகள் வெண்ணிலாவை நர்சிங்கிலும் படிக்க வைத்தார். லோகு தாம்பரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் ஏ.சி. கழுவுவதில் தொடங்கினார். 2015 சென்னை வெள்ளம் வடிந்தபோது முடிச்சூர்த் தெருக்களில் சேறு நிரம்பிய ஃபிரிட்ஜ்கள் வரிசையாக நின்றன. லோகு தேறுவதைத் தேற்றிக் கொடுத்தார். தேறாததற்கு, "தூக்கிப் போட்ருங்கக்கா, இதுக்குப் போய் செலவு பண்ணாதீங்க" என்றார். அந்தப் பேச்சை ஊர் மறக்கவில்லை. கடை வைத்தபோது அதற்குத் தங்கை பெயர்: வெண்ணிலா கூலிங். பிறகு அபார்ட்மெண்ட் காண்ட்ராக்ட், வேன், வேலையாட்கள், சொந்த வீடு.

அந்த வீட்டில் முதல் ஏ.சி. அம்மாவின் அறைக்கு. அஞ்சம்மாள் அதைப் போடவே விடவில்லை.

"இன்னாடா இது, என்னியும் ஐஸ்ல வெக்கிறியா?"

"ஊருக்கே நான்தாம்மா ஏ.சி. மாட்டறேன். என் வூட்ல நீ விசிறிக்கினு ஒக்காந்தா எவன் எங்கிட்ட வருவான்?"

"வராங்காட்டி போறான். ஐஸ் வெச்ச மீன நா வித்ததே இல்ல. காலைல வந்தது பொழுது சாயறதுக்குள்ள போயிடணும். நானும் அப்டித்தான். அந்தப் பொட்டில என்ன வெச்சிடாத, சொல்ட்டேன்."

"உனுக்கு எங்க பொட்டி? அல்லாம் வாடகைக்குப் போயிருக்கும், போ" என்று லோகு சிரித்தார்.

போன சித்திரையில் ஒருநாள் காலை அஞ்சம்மாள் எழுந்திருக்கவில்லை.

வெண்ணிலா மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். போனில் கதறினார். "நாளைக்குத்தாண்ணா ஃப்ளைட் கெடைக்குது. ஊர்ல எல்லாருக்கும் வெச்சிருந்து மொகம் காட்ற. எனக்குக் காட்ட மாட்டியா?"

கோவளத்துச் சொந்தங்கள் வந்து இறங்கியதும் கேட்டது, "எப்போ எடுக்கறீங்க?"

லோகு வாசலுக்கும் அம்மாவின் அறைக்குமாக நடந்தார். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில் வேனை வரச் சொன்னார். பெட்டியை யாரையும் தொடவிடாமல் தானே துடைத்தார், தானே ப்ளக்கைச் சொருகினார். குளிரைக் கொஞ்சமாகத்தான் வைத்தார். அந்த வெயிலுக்கு அது போதாது என்று அவருக்குத் தெரியாதா? சற்று நேரத்தில் திரும்ப வந்து கூட்டினார்.

அஞ்சம்மாளோடு சேர்ந்து மீன் விற்ற சுப்புலட்சுமி பெட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மூடியில் பனி படியப் படிய முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மீனுக்கே ஐஸ் காட்டாதவடா அவ."

"தங்கச்சி வரணும் சித்தி."

"வரட்டும். யார் வேணான்னாங்க?"

மறுநாள் வெண்ணிலா வந்து மூடியைத் திறக்கச் சொல்லி அம்மாவின் கன்னத்தில் கை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார். எத்தனையோ உடல்களைத் தொட்ட கை.

"அம்மா கை எப்பவும் கதகதன்னு இருக்குமேண்ணா" என்றார்.

மொகமாவது பார்த்தேனே என்று பிறகு அண்ணனின் தோளில் சாய்ந்து அழுதார். லோகு, "ஆமாம்மா" என்றார்.

லீவில் நான் வந்திருந்தபோது, எங்கள் வீட்டு ஏ.சி.யின் வடிகட்டியைக் குழாயடியில் கழுவிக்கொண்டே இதையெல்லாம் சொன்னார். என் அம்மா உள்ளே அவருக்குக் காபி கலந்துகொண்டிருந்தாள்.

பெட்டிகள் இப்போதும் போய்வருகின்றன. நிறுத்தினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்கிறார். ஆனால் போன் செய்பவர்களிடம் அட்ரஸ் கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்கிறார்: "அவங்க எதனா சொல்லிட்டுப் போனாங்களா சார்?"

பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. "சரி, வூட்ல விசாரிச்சிட்டுக் கூப்புடுங்க" என்று போனை வைக்கிறார். வைத்த கையோடு, பெட்டியை வேனில் ஏற்றச் சொல்கிறார்.