மங்களா அக்கா நம்ப மறுத்த புள்ளி

மங்களா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி கைபேசியில் வந்தபோது, பெர்தொனே தெருவில் ஒரு கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். நம்பவில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவரும் தனியாகச் சொல்ல வேண்டும் என்பது அக்காவின் சட்டம். அவருடைய தம்பியை அழைத்தேன். "ஓம், உண்மைதான்" என்றார். அக்காவை அறிந்த நீங்களும் இப்படித்தான் விசாரித்திருப்பீர்கள்.

எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதிக் கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'இன்ஸ்பெக்டர் அக்கா'. சேலை எடுக்கப் போனால், அதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே வந்துவிடுவார். "கடை லைற்றிலை எல்லாம் வடிவாத்தான் இருக்கும்" என்பார். முதலாளி பின்னாலேயே ஓடிவருவார். சேலையோடு போய்விடுவாரோ என்று அவருக்கு அவர் சந்தேகம்.

நானும் அவரும் வேலை செய்த வானியல் ஆய்வுக்கூடத்திலும் அதே கதைதான். விண்மீன்களைச் சுற்றியுள்ள தூசி வளையங்களைப் படமெடுப்பது எங்கள் வேலை. விண்மீனின் ஒளியை மறைத்தால்தான் வளையம் தெரியும். ஒரு வளையத்தின் நடுவே தூசியே இல்லாத இடைவெளி இருந்தது. "தூசி தானா விலகாது. ஆரோ உள்ளுக்கை ஒளிச்சிருக்கினம்" என்றார் அக்கா; தூசியை விலக்கிய ஒரு கோளைத்தான் அப்படிச் சொன்னார்.

அந்த இடைவெளியில் நான் ஒரு புள்ளியைக் கண்டேன். புதிய கோள் என்று குதித்தேன். அக்கா முகம் சுளித்தார். "நாங்கள் தேடின இடத்திலையே வந்து நிக்குது. அதுதான் எனக்குச் சந்தேகம்." வெகு தொலைவில், பின்னால் நிற்கும் வேறொரு விண்மீனாகவும் இருக்கலாம். வளையமுள்ள எங்கள் விண்மீன் வானில் மெல்ல நகர்கிறது. புள்ளியும் கூடவே நகர்ந்தால்தான் அது கோள். அதற்கு அடுத்த ஆண்டு இன்னொரு படம் வேண்டும். கட்டுரையை உடனே அனுப்பாவிட்டால் வேறு யாராவது முந்திவிடுவார்கள் என்று மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ ரயில் நிலைய வாசலில் சண்டையே போட்டேன். "நீர் வேணுமெண்டால் அனுப்பும். ரெண்டாம் படம் வராமல் என்ர பேர் வேண்டாம்" என்றார். அவர் பெயரில்லாமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அதற்குள் அக்காவுக்கு நோய் வந்தது. மருத்துவர் சொன்னதை நம்பாமல் ஸ்கேன் படத்தை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "இதிலை சந்தேகமில்லை" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். எனக்கு அழுகை வந்தது.

அவரை வழியனுப்பிய மறுவாரம் இரண்டாம் படம் வந்தது. புள்ளி விண்மீனோடு நகர்ந்திருந்தது. எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. கருவியின் கோளாறா, என் ஆசையா? எதுவும் சொல்லாமல் படத்தை இன்னொருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவரும் அதையே சொன்னார். அதன் பிறகே கட்டுரையில் அக்காவின் பெயரை முதலில் எழுதினேன்.

அவருடைய சந்தேகத்தை நான் வைத்துக்கொள்கிறேன். புள்ளி உண்மைதான், அக்கா. இரண்டு பேர் சொல்லியும் நீங்கள் இல்லை என்பதைத்தான் இன்னும் நம்பவில்லை.